ஒரே முறை தோன்றி மறையும் அறிவிப்பு

ஊட்டச்சத்து மையம் ஒன்றின் பணியாளர் ஒரு குழந்தையின் எடையைப் பார்த்து, வலைப் படிவத்தில் 9.2 கிலோகிராம் என்று பதிந்து, ‘சமர்ப்பி’ என்னும் பொத்தானை அழுத்துகின்றார் எனக் கொள்வோம். திரை ஒரு கணம் வெறுமையாகி, மீண்டும் அதே வெற்றுப் படிவத்தைக் காட்டுகின்றது. பதிவு சென்று சேர்ந்ததா, இல்லையா என்பதைக் கூறும் சொல் ஒன்றும் திரையில் இல்லை. பணியாளர் ஐயமுற்று, அதே விவரங்களை மறுபடியும் பதிந்து அனுப்புகின்றார். ஒரு குழந்தைக்கு இரு பதிவுகள் ஏற்படுகின்றன. மற்றொரு நாள், சேர்ந்திருக்கும் என்று நம்பி அவர் அடுத்த குழந்தையிடம் செல்கின்றார். உண்மையில் அப்பதிவு சேரவே இல்லை. எடை குறைந்த அக்குழந்தையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்னும் செய்தி மேலதிகாரியின் பட்டியலில் இடம் பெறாமற் போகின்றது.

பள்ளியில் மாணவர் சேர்க்கை, தேர்வு மதிப்பெண், விதை வழங்கல், கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுதல் ஆகிய எத்துறைப் படிவமாயினும் இவ்விரு பிழைகளும் நேரக்கூடும். இவற்றைத் தடுக்கும் சாதனங்களுள் மிகவும் எளியது, ‘பதிவு சேமிக்கப்பட்டது’ என்பது போன்று திரையின் மேற்பகுதியில் ஒரே முறை தோன்றிப் பின்னர் மறையும் சிறு அறிவிப்பாகும். பார்ப்பதற்கு அற்பமான இவ்வறிவிப்பு எங்ஙனம் இயங்குகின்றது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை அறிந்து கொள்ளுதல், நாள்தோறும் இத்தகைய படிவங்களைக் கையாளும் களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன் தருவதாகும்.

மறதியுள்ள எழுத்தர்

வலைப்பக்கங்கள் எல்லாம் எச்.டி.டி.பி. என்னும் செய்திப் பரிமாற்ற விதிமுறையைப் பின்பற்றி அனுப்பப்படுகின்றன. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989ஆம் ஆண்டில் வலைத் திட்டத்தை முதன்முதலாக முன்மொழிந்தார். ஆராய்ச்சியாளர்கள் தம்முள் ஆவணங்களைப் பகிர்ந்து கொள்வதே அதன் நோக்கம். ஓர் ஆவணத்தைக் கேட்பவருக்கு அதனை எடுத்துக் கொடுத்தவுடன் காரியம் முடிந்து விடுகின்றது. ஆகையால் அதற்கு முன்னர் யார் எதனைக் கேட்டார் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டிய அவசியம் அன்று இருக்கவில்லை.

இதனை ஓர் அலுவலக முகப்பில் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கு ஒப்பிடலாம். அவர் தம் முன் நீட்டப்படும் சீட்டைப் படித்து, அதற்குரிய விடையை அளிப்பார். விடை அளித்த மறுகணமே அனைத்தையும் மறந்து விடுவார். அதே மனிதர் ஒரு நிமிடம் கழித்து மீண்டும் வந்தாலும், அவரை முன்பின் அறியாதவராகவே கருதுவார். சர்வர் என்னும் மையக் கணிப்பொறிக்கும், பிரவுசர் என்னும் பார்வைச் செயலிக்கும் இடையே நிகழும் ஒவ்வொரு வேண்டுகோளும் இவ்வாறு தனித்து நிற்பதே இவ்விதிமுறையின் அடிப்படை இயல்பாகும்.

இம்மறதி ஒரு குறை அன்று. நினைவு வைத்திருக்க வேண்டாத காரணத்தாலேயே ஒரு சர்வர் பல்லாயிரவருக்கு விடையளிக்க முடிகின்றது. ஒரு சர்வர் செயலிழப்பின் மற்றொன்று அதன் இடத்தை எளிதில் ஏற்க முடிகின்றது. ஆயினும் படிவங்களை நிரப்பி அனுப்பும் வழக்கம் வலையில் புகுந்தபோது, இதே இயல்பு இடையூறாயிற்று.

நினைவு புகுந்த விதம்

1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மான்டுல்லி என்னும் பொறியாளர், குக்கி எனப்படும் சிறு குறிப்பைப் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும் முறையை வகுத்தார். சர்வர் தனது விடையுடன் ஒரு குறிப்பை இணைத்து அனுப்பும். பிரவுசர் அதனைப் பாதுகாத்து, அதே சர்வரிடம் மறுமுறை செல்லும்போது திருப்பிக் காட்டும். எழுத்தர் மறதியுடையவரே எனினும், வருபவர் தமது சட்டைப்பையிலிருந்து அவர் எழுதிக் கொடுத்த சீட்டையே எடுத்துக் காட்டுவதால், பழைய தொடர்பு மீண்டும் புலனாகின்றது.

சாதாரணமாக இச்சீட்டில் நீண்ட விவரம் எதுவும் இராது; ஓர் அடையாள எண் மட்டும் இருக்கும். அவ்வெண்ணுக்குரிய விவரங்கள் சர்வரின் பக்கத்தில் ஒரு தனி அறையில் வைக்கப்பட்டிருக்கும். இவ்வாறு ஒருவர் உள்நுழைந்தது முதல் வெளியேறும் வரையிலான தொடர்பு ‘அமர்வு’ எனப்படுகின்றது. ஒரே முறை தோன்றும் அறிவிப்பும் பெரும்பாலும் இந்த அமர்வு அறையிலேயே தங்குகின்றது.

இரட்டைப் பதிவும் 303 என்னும் எண்ணும்

பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் வேண்டுகோள்களுள் இரு வகைகளை அறிந்து கொள்ளுதல் இங்குப் போதுமானது. ‘கெட்’ என்பது ஒரு பக்கத்தைக் காட்டுமாறு கேட்பது. இதனை எத்தனை முறை செய்தாலும் பதிவேட்டில் மாறுதல் நேராது. ‘போஸ்ட்’ என்பது ஒரு விவரத்தை ஏற்றுக் கொள்ளுமாறு ஒப்படைப்பது. இதனை இருமுறை செய்தால் இரு பதிவுகள் உண்டாகலாம்.

படிவத்தைப் பெற்ற சர்வர், அதற்கு விடையாகவே ‘பதிவு சேமிக்கப்பட்டது’ என்னும் பக்கத்தைக் காட்டினால் என்ன நேரும்? அறிவிப்பு தோன்றிவிடும், அதற்கெனத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் இம்முறையில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. திரையில் நிற்கும் பக்கம் ‘போஸ்ட்’ வேண்டுகோளின் விளைவாக வந்ததாகையால், பயன்படுத்துவோர் பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தியதும் பிரவுசர் அதே படிவத்தை மறுபடியும் அனுப்ப முற்படுகின்றது. படிவத்தை மீண்டும் அனுப்பலாமா என்று பிரவுசர் கேட்கும் எச்சரிக்கை இதன் பொருட்டே தோன்றுகின்றது. பொருள் விளங்காமல் ‘ஆம்’ என்பதைத் தொட்டவர்க்கு இரட்டைப் பதிவு உண்டாகின்றது.

இதற்கு மாற்றாக அமைந்ததே ‘ஒப்படைத்தல், திருப்பி விடுதல், பெறுதல்’ என்னும் மூன்று படிகளைக் கொண்ட முறையாகும். சர்வர் படிவத்தை ஏற்றுக் கொண்டு, பக்கம் எதனையும் காட்டாமல், ‘இன்ன முகவரிக்குச் சென்று பார்க்க’ என்று மட்டும் விடையளிக்கின்றது. 1997ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறையில் இதற்கென்றே 303 என்னும் விடை எண் வகுக்கப்பட்டது. பிரவுசர் அம்முகவரிக்கு ஒரு ‘கெட்’ வேண்டுகோளை அனுப்பிப் பட்டியல் பக்கத்தைப் பெறுகின்றது. அப்பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் பட்டியலே மீண்டும் வருமேயன்றிப் புதிய பதிவு உண்டாகாது.

இடைவெளியைக் கடக்கும் செய்தி

ஓர் ஆபத்து நீங்கியதும் வேறொரு சிக்கல் முன் நிற்கின்றது. படிவத்தைச் சேமித்த வேண்டுகோளுக்கு அதன் முடிவு தெரியும். ஆனால் அது பக்கத்தைக் காட்டுவதில்லை. பக்கத்தைக் காட்டும் இரண்டாவது வேண்டுகோளுக்கு முதலாவதில் நடந்தது யாதொன்றும் தெரியாது. மறதியுள்ள எழுத்தர் இடையில் அனைத்தையும் மறந்து விட்டார். முடிவை அறிந்தவர் ஒருவர், அதனைக் கூற வேண்டியவர் மற்றொருவர் என்னும் நிலை ஏற்படுகின்றது. இந்த இடைவெளியைக் கடப்பதற்காகவே ஒரே முறை தோன்றும் அறிவிப்பு தேவைப்படுகின்றது.

அதன் இயக்கம் மூன்று படிகளை உடையது. முதலாவதாக, சேமிக்கும் வேண்டுகோள் தனது முடிவை ஒரு சிறு குறிப்பாக எழுதி அமர்வு அறையில் வைக்கின்றது. இரண்டாவதாக, பட்டியலைக் காட்டும் வேண்டுகோள் அவ்வறையைத் திறந்து பார்த்து, குறிப்பு இருப்பின் அதனைப் பக்கத்தின் மேற்பகுதியில் அச்சிடுகின்றது. மூன்றாவதாக, அக்குறிப்பை உடனே அழித்து விடுகின்றது. மூன்றாவது படி இல்லையேல், ‘பதிவு சேமிக்கப்பட்டது’ என்னும் வாசகம் ஒவ்வொரு பக்கத்திலும் தோன்றிக் கொண்டேயிருக்கும். எந்தப் பதிவைக் குறிக்கின்றது என்பது விளங்காமல், காலப்போக்கில் அதனைப் படிப்பவரே இல்லாமற் போவர்.

பல தலைமுறைகளாகப் பதிவுத் தபாலுடன் இணைத்து அனுப்பப்பட்டு வந்த ஒப்புகை அட்டை இதற்கு நல்ல உவமையாகும். கடிதம் பெற்றவரின் கையொப்பத்துடன் அவ்வட்டை அனுப்பியவரிடமே ஒரு முறை திரும்பி வந்தது. ஒரு கடிதத்திற்கு ஓர் அட்டை. மறுநாளும் அதே அட்டை வருவதில்லை.

செயல்நிரல் எழுதுவோர்க்கு உதவும் ஆயத்தத் தொகுதிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு முன்னரே சேர்க்கப்பட்டுள்ளது. 2004ஆம் ஆண்டில் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் தொகுதியில் இது ‘ஃபிளாஷ்’, அதாவது மின்னல் போல் தோன்றி மறைவது, என்னும் பெயரைப் பெற்றது. ஜாங்கோ என்னும் தொகுதியில், 2010ஆம் ஆண்டில் வெளியான 1.2ஆம் பதிப்பில், அறிவிப்புகளுக்கெனத் தனிப் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் அறிவிப்புகள் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்பட்டு, சோதனைக் குறிப்புக்கு 10, தகவலுக்கு 20, வெற்றிக்கு 25, எச்சரிக்கைக்கு 30, பிழைக்கு 40 என எண்கள் அளிக்கப்பட்டுள்ளன.

அழிக்கும் காலத்தைப் பற்றி இத்தொகுதிகளிடையே ஒரு வேறுபாடு உண்டு. ரெயில்ஸ் தொகுதியில், குறிப்பானது அடுத்த வேண்டுகோள் வரை மட்டுமே உயிர் வாழ்கின்றது. அந்த வேண்டுகோளில் அதனைக் காட்டினாலும் காட்டாவிடினும், தனியே நீட்டிக்காத வரை, அது அழிந்து விடும். ஜாங்கோ தொகுதியில், குறிப்பு காட்டப்படும் வரை காத்திருக்கும், காட்டியதும் அழியும். முதல் முறையில் பழைய செய்தி காலம் கடந்து தோன்றும் குழப்பம் குறைவு. இரண்டாம் முறையில் செய்தி காணாமற் போகும் வாய்ப்பு குறைவு.

எங்கே வைப்பது?

குறிப்பை வைப்பதற்கு மூன்று இடங்கள் உண்டு. சிலர் அதனை முகவரி வரியிலேயே இணைத்து அனுப்புகின்றனர். இது விரும்பத்தக்கது அன்று. அந்த முகவரியைச் சேமித்து வைத்து மறுநாள் திறந்தாலும் ‘சேமிக்கப்பட்டது’ என்னும் வாசகம் தோன்றும். மேலும், தீயவர்கள் தாம் விரும்பிய வாசகத்தை அதில் இணைத்துப் பிறருக்கு அனுப்பி, அரசாங்கத் தளமே கூறுவது போன்ற தோற்றத்தை உண்டாக்கவும் இடமேற்படும்.

இரண்டாவது இடம் குக்கி. இதில் இந்திய மொழிகளைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. 2011ஆம் ஆண்டில் வெளியான குக்கி விதிமுறை, ஒரு குக்கிக்குக் குறைந்த அளவு 4096 பைட்டுகள் வரை பிரவுசர்கள் இடமளிக்க வேண்டும் என்று கூறுகின்றது. இதற்கு மேற்பட்ட அளவை நம்புதல் தகாது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட்டு இடத்தையே கொள்ளும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், இன்று பெருவழக்காக உள்ள யு.டி.எஃப்.-8 முறையில், 3 பைட்டுகளைக் கொள்கின்றது. ‘சேமிக்கப்பட்டது’ என்னும் சொல்லில் 9 எழுத்துகளே உள்ளன. ஆயினும் துணைக்குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால் அது 15 குறியீடுகளாகி, 45 பைட்டுகளைக் கொள்கின்றது. குக்கியில் வைப்பதற்காக ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்துகளாக மாற்றினால் அச்சொல் 135 பைட்டுகளாக வளர்கின்றது. அச்சொல்லை ஏறத்தாழ 30 முறை எழுதினாலே ஒரு குக்கி நிரம்பி விடும். ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துச் சரியெனக் கொண்ட நீண்ட அறிவிப்பு, தமிழிலோ இந்தியிலோ வழங்கப்படும்போது தோன்றாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மூன்றாவது இடம், மேலே கூறிய அமர்வு அறை. இதுவே பெரும்பாலும் பொருத்தமானது. முழு வாசகத்தையும் வைப்பதற்குப் பதிலாக அதற்குரிய குறியெண்ணை மட்டும் வைத்து, காட்டும் வேளையில் பயன்படுத்துவோரின் மொழியில் வாசகமாக மாற்றுவது இன்னும் சிறந்தது.

தவறுகள் நேரும் இடங்கள்

முதலாவது தவறு, காலத்தைப் பற்றியது. பதிவேட்டில் விவரம் உறுதியாக ஏறுவதற்கு முன்னரே வெற்றிக் குறிப்பை எழுதி விடும் செயல்நிரல்கள் உள்ளன. பின்னர் ஏதேனும் ஒரு காரணத்தால் அப்பதிவு கைவிடப்படின், திரையில் வெற்றியும் பதிவேட்டில் வெறுமையும் இருக்கும். இஃது அறிவிப்பே இல்லாதிருப்பதினும் தீயது. சேமிப்பு முடிந்த பின்னரே குறிப்பை எழுத வேண்டும் என்பது இத்துறையில் மீறக்கூடாத விதியாகும்.

இரண்டாவது, ஒரே வேளையில் இரு பக்கங்களைத் திறந்து வைத்திருப்பதால் நேர்வது. ஓர் ஆசிரியர் ஒரு சாளரத்தில் மதிப்பெண்ணையும், மற்றொன்றில் வருகைப் பதிவேட்டையும் திறந்துள்ளார் எனக் கொள்வோம். இரண்டிற்கும் அமர்வு ஒன்றே. மதிப்பெண் சேமிக்கப்பட்ட மறுகணம் இரண்டாவது சாளரம் தானாகவே புதுப்பிக்கப்பட்டால், செய்தி அங்கே தோன்றி அழிந்து விடும். மதிப்பெண் பக்கத்தைப் பார்த்துக் கொண்டிருப்பவர்க்கு எதுவும் தெரியாது.

மூன்றாவது, பின்செல்லும் பொத்தானால் நேர்வது. பிரவுசர் தனது நினைவிலுள்ள பழைய பக்கத்தை அப்படியே எடுத்துக் காட்டுவதுண்டு. அதில் பழைய அறிவிப்பும் இருக்கும். அது புதிய பதிவைக் குறிப்பதன்று.

நான்காவதும் மிக முக்கியமானதும் இணைய இணைப்பு அறுபடுவதால் நேர்வதாகும். இணைப்பு எந்தக் கட்டத்தில் அறுகின்றது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகின்றது. படிவம் சர்வரை அடைவதற்கு முன்னரே இணைப்பு அறுந்தால் பதிவும் இல்லை, அறிவிப்பும் இல்லை. படிவம் சேமிக்கப்பட்ட பின்னர், 303 என்னும் விடை வரும் வழியில் அறுந்தால் பதிவு உண்டு; ஆனால் திரையில் பிழையே தெரியும். அமர்வு அறையில் வைக்கப்பட்ட குறிப்பாயின், அடுத்த பக்கத்தைத் திறக்கும்போது அது தோன்றக்கூடும். குக்கியில் வைக்கப்பட்டதாயின், அந்தக் குக்கியும் அதே விடையுடன் தொலைந்திருக்கும். மூன்றாவதாக, பட்டியல் பக்கம் வரும் வழியில் அறுந்தால், சர்வர் செய்தியைக் காட்டிவிட்டதாகக் கருதி அழித்திருக்கும். மனிதர் எவரும் அதனைக் கண்டிரார். எனவே அறிவிப்பு வரவில்லை என்பதனாலேயே பதிவு நடைபெறவில்லை என்று முடிவு செய்தல் தவறு.

விடை வருமுன் பொத்தானை இருமுறை அழுத்துவதால் உண்டாகும் இரட்டைப் பதிவையும் இவ்வறிவிப்பால் தடுக்க முடியாது. அதற்குப் படிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எண்ணை அளித்து, அதே எண்ணுடன் வரும் இரண்டாவது படிவத்தைச் சர்வர் ஏற்க மறுக்கும் ஏற்பாடு தேவை.

சொல்லும் முறை

அறிவிப்பின் வாசகம் சுருக்கமாகவும், நடந்ததைத் திட்டமாகக் கூறுவதாகவும் இருத்தல் வேண்டும். ‘செயல் வெற்றி’ என்பதைக் காட்டிலும் ‘7ஆம் வகுப்பு, 32 மாணவர்களின் மதிப்பெண்கள் சேமிக்கப்பட்டன’ என்பது பயனுள்ளது. 34 மாணவர்களுள்ள வகுப்பாயின், இருவர் விடுபட்டதை ஆசிரியர் உடனே அறிந்து கொள்வார். பிழை நேர்ந்தால், யாது பிழை என்பதுடன் அடுத்துச் செய்ய வேண்டியதையும் கூற வேண்டும்.

ஆங்கில வாசகத்தின் நடுவே பெயரையும் எண்ணையும் செருகும் முறையை அப்படியே தமிழுக்குக் கொண்டு வந்தால் பிழை நேரும். தமிழில் ‘1 பதிவு சேமிக்கப்பட்டது’ என்பதும் ‘3 பதிவுகள் சேமிக்கப்பட்டன’ என்பதும் பெயர்ச்சொல்லில் மட்டுமன்றி வினைமுற்றிலும் வேறுபடுகின்றன. ஆகையால் ஒருமைக்கும் பன்மைக்கும் இரு முழு வாக்கியங்கள் தேவை. பெயர்களும் வேற்றுமை உருபை ஏற்கும்போது வடிவம் மாறுகின்றன. மாலதி என்பது ‘மாலதியை’ என்றும், குமார் என்பது ‘குமாரை’ என்றும், முருகன் என்பது ‘முருகனை’ என்றும் ஆகும். பெயருக்குப் பின்னால் ‘ஐ’ என்பதை இயந்திரம் போல் ஒட்டினால் ‘மாலதிஐ’ என்று வரும். ‘மாணவர் பெயர்: மாலதி. சேர்க்கை பதிவு செய்யப்பட்டது’ என்று பெயரை எழுவாய் வடிவிலேயே நிறுத்தி எழுதுவதால் இத்தொல்லை நீங்குகின்றது.

பார்வையற்றோரும் அறிவிப்பும்

அறிவிப்பைப் பச்சை, சிவப்பு நிறங்களால் மட்டும் வேறுபடுத்திக் காட்டுதல் போதாது. நிறங்களைப் பிரித்தறிய இயலாதோர் உளர். ஆகவே நிறத்துடன் ‘பிழை’, ‘எச்சரிக்கை’ போன்ற சொற்களும் இருத்தல் வேண்டும்.

பார்வையற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் திரையை வாய்விட்டுப் படிக்கும் செயலியின் துணையுடன் பணியாற்றுகின்றனர். திரையின் ஒரு மூலையில் சொற்கள் சில புதிதாகத் தோன்றுவதை, அவை நிலை அறிவிப்பு என்று செயல்நிரலில் குறிக்கப்படாத வரை, அச்செயலி உணர்வதில்லை. 2018ஆம் ஆண்டு ஜூனில் வெளியான வலை உள்ளடக்க அணுகல் நெறிகளின் 2.1ஆம் பதிப்பில், 4.1.3 என்னும் எண்ணுள்ள விதி இதனையே வற்புறுத்துகின்றது. இந்திய அரசாங்க வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியாயின; 2023ஆம் ஆண்டில் வெளியான அவற்றின் மூன்றாம் பதிப்பும் அனைவரும் அணுகத்தக்க அமைப்பை வற்புறுத்துகின்றது.

சில விநாடிகளில் தானாக மறையும் அறிவிப்புகள் மெல்லப் படிப்போருக்கு இடர் தருவன. ‘ஒரே முறை’ என்பதன் பொருள் ஒரு பக்கத்தில் மட்டும் என்பதேயன்றி, ஒரு கணம் மட்டும் என்பதன்று. படிப்பவர் தாமே அகற்றும் வரையிலோ, அடுத்த பக்கத்திற்குச் செல்லும் வரையிலோ அறிவிப்பு நிலைத்திருத்தல் நன்று. முக்கியமாகப் பிழை அறிவிப்புகள் தானாக மறைதல் கூடாது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகள் பெறப்படுகின்றன.

1. அறிவிப்பு தோன்றும் வரை பொத்தானை மறுமுறை அழுத்துதல் கூடாது.

2. அறிவிப்பு தோன்றாவிடின், படிவத்தை மீண்டும் நிரப்புவதற்கு முன்னர்ப் பட்டியல் பக்கத்தைத் திறந்து, பதிவு ஏறியுள்ளதா என்று பார்க்க வேண்டும். அறிவிப்பு என்பது பதிவைப் பற்றிய செய்தி மட்டுமே. பட்டியலில் உள்ளதே பதிவு.

3. இணைப்பு இல்லாத இடங்களில் இயங்கும் கைப்பேசிச் செயலிகளில், ‘கைப்பேசியில் வைக்கப்பட்டது’ என்பதும் ‘மையத்தில் சேர்ந்தது’ என்பதும் வெவ்வேறு செய்திகளாகும். முதலாவதைக் கண்டு பணி முடிந்ததாகக் கருதலாகாது. இணைப்புக் கிடைத்ததும் இரண்டாவது வந்ததா என்று சரிபார்த்தல் வேண்டும்.

4. பதிவு எண் காட்டப்படின், அதனை உடனே கைக்குறிப்பில் எழுதிக் கொள்ள வேண்டும். அறிவிப்பு மீண்டும் வராது.

5. ஒரே தளத்தைப் பல சாளரங்களில் திறந்து வைத்துப் பதிவு செய்வதைத் தவிர்த்தல் நன்று.

6. அறிவிப்பு ‘சேமிக்கப்பட்டது’ என்று கூறியும் பட்டியலில் பதிவு இல்லையெனில், அது பணியாளரின் பிழையன்று. நாள், நேரம், அறிவிப்பின் வாசகம் ஆகியவற்றைக் குறித்து, தளத்தை நிருவகிப்போருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இவ்வியக்கத்தைக் கணிப்பொறி இன்றியே மாணவர்களுக்கு விளக்கலாம். வேண்டிய பொருள்கள்: ஒரு நோட்டுப் புத்தகம், சில துண்டுச் சீட்டுகள், ஒரு சிறு பெட்டி. ஒரு மாணவர் பயன்படுத்துவோராகவும், மற்றொருவர் செய்தியைச் சுமந்து செல்லும் ஓட்டக்காரராகவும், மூன்றாமவர் சர்வராகவும் அமர வேண்டும். சர்வராக இருப்பவர் தம் கைக்கு வரும் சீட்டில் உள்ளதைத் தவிர வேறெதனையும் நினைவிற் கொள்ளலாகாது என்பதே விதி.

முதற் சுற்றில், பயன்படுத்துவோர் ‘ஒரு மரக்கன்று நட்டேன்’ என்று சீட்டில் எழுதி அனுப்ப, சர்வர் அதனை நோட்டில் பதிந்து, வெறுங்கையுடன் ஓட்டக்காரரைத் திருப்பி அனுப்ப வேண்டும். விடை வராததால் பயன்படுத்துவோர் மறுபடியும் அனுப்புவார். நோட்டில் இரு மரக்கன்றுகள் ஏறும்.

இரண்டாம் சுற்றில், சர்வர் நோட்டில் பதிந்த பின்னர் ‘பதிந்தாயிற்று’ என்னும் சீட்டை எழுதிப் பெட்டியில் இட்டு, ‘பட்டியலைக் கேட்டு வா’ என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டும். ஓட்டக்காரர் பட்டியலைக் கேட்டு வரும்போது, பெட்டியிலுள்ள சீட்டைப் பட்டியலுடன் சேர்த்துக் கொடுத்து விட வேண்டும். மூன்றாம் முறை பட்டியலைக் கேட்டால் பெட்டி வெறுமையாயிருக்கும். செய்தி ஒரே முறை மட்டும் சென்றதை மாணவர் கண்கூடாகக் காண்பர்.

மூன்றாம் சுற்றில், ஓட்டக்காரர் பட்டியலையும் சீட்டையும் பெற்றுத் திரும்பும் வழியில் அவற்றைக் கீழே போட்டு விட வேண்டும். இப்போது, ‘மரக்கன்று நோட்டில் ஏறியுள்ளதா?’ என்று வகுப்பை வினவலாம். சிலர் இல்லை என்பர். சிலர் உண்டு என்பர். பின்னர் நோட்டைத் திறந்து காட்ட வேண்டும். ஒப்புகை வராமையும் காரியம் நடவாமையும் ஒன்றல்ல என்பதை இச்சோதனை எளிதில் விளக்கும். மாணவர்கள் நாளை பயிர்க் காப்பீட்டுக்கோ, கல்வி உதவித் தொகைக்கோ ஒரு படிவத்தை அனுப்பிவிட்டு வெறுந்திரையின் முன் அமர நேரும்போது, பொத்தானை மறுபடியும் அழுத்துவதற்கு முன்னர்ப் பட்டியலைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை இது உண்டாக்கும்.